தப்பியோடிய ஆடுகளின் விசாரணை

பயிர் மேய்ந்த குற்றத்துக்காக முப்பத்தேழு ஆடுகள் ஒரு தீவில் அடைபட்டிருந்தன. தப்பிப்போய் அக்கரையில் பிடிபட்ட இரண்டை, எல்லா ஆடுகளுக்கும் முன்னால் நிறுத்திக் காவல்நாய் விசாரித்தது.

"எந்த வழியாடா போனீங்க?"

இருவரில் மூத்தவன் கூழைக்கொம்பன். தண்டனை குறையாதா என்ற தவிப்பில் உண்மையைச் சொன்னான்.

"அமாவாசைக்கு மறுநாள் விடியக்காலையில கடல் வத்தும், ஐயா. கருப்புப் பாறைக்கு இடப்பக்கமா நடந்தா முழங்கால் தண்ணிதான்."

"சத்தமாச் சொல்லுடா! கடைசி ஆடு வரைக்கும் கேக்கணும். அப்பத்தான் பயம் வரும்."

கத்திச் சொன்னான். மீதி ஆடுகளின் எழுபது காதுகளும் விறைத்தன.

இருவரையும் இரண்டு மாதம் முளையில் கட்டிப்போடத் தீர்ப்பானது.

அமாவாசைக்கு மறுநாள் நாய் கண்விழித்தபோது, கட்டிப்போட்ட இரண்டும்தான் தீவில் இருந்தன. கூழைக்கொம்பன் கழுத்து இறுக இறுகக் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.