கிணற்றுக்குள் இறங்காத காகம்

கிணற்றுச் சேற்றைப் பற்றித் தவளை எழுதிய ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் காகத்தினுடையது. எந்தக் கட்டுரையானாலும் துறைத்தலைவர் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்பது அந்தப் பல்கலைக்கழகத்து வழக்கம். காகம் அதைப் படித்துக்கூடப் பார்த்ததில்லை.

கட்டுரைகளின் நேர்மையைச் சோதிக்க ஆமை வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து காகத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆமை பிறந்து வளர்ந்ததே கிணற்றில்தான்.

வந்து உட்கார்ந்ததும் ஆமை கட்டுரையைப் புரட்டியது.

"நீங்களே இறங்கிப் பார்த்ததா எழுதியிருக்கீங்க. அடியில சேறு எப்படி சார் இருந்துச்சு?"

காகம் தவளையைப் பார்த்தது. தவளை தரையைப் பார்த்தது.

"ஈரமாத்தான் சார் இருந்துச்சு" என்றது காகம்.

ஆமை கட்டுரையை மூடி வைத்தது. பிறகு தவளையிடம், "தம்பி, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றது.

பதவி போச்சு என்றே நினைத்தது காகம்.

தவளை போனதும் ஆமை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்தது.

"பனைமர உச்சியில காத்து எப்படி சார் இருக்கும்? அதைப்பத்தி என் பேர்ல ஒரு கட்டுரை இருக்கு. நாளைக்கு எங்க துறையைச் சோதிக்கப் பருந்து சார் வர்றார்."