விமானத்துக்கு அலறாத சேவல்

“கூடையைத் திற ரெமெய். பொண்ணு பார்க்க வந்த இடத்துல முகத்தை மூடி வச்சா எப்படி?” என்றான் ஃபெரான்.

ரெமெய் கூடையின் மேல் கட்டியிருந்த துணியை இன்னும் இறுக்கினாள். கிறிஸ்துமஸுக்கு முந்திய சேவல் சந்தை அது. கூடாரம் முழுக்க நீலக்கால் சேவல்கள் ஒன்றையொன்று வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தன. அவளுடையது மட்டும் கூடைக்குள் சமர்த்தாக இருந்தது.

“என் முறை வரும்போது திறப்பேன். நீ உன் வேலையைப் பாரு.”

“என் வேலைதான் முடிஞ்சுபோச்சே. என் சேவலுக்கு வால் சரியில்லேன்னு நடுவர் தள்ளிட்டார். போன வருஷம் இதோட அண்ணன்காரன் முதல் பரிசு வாங்கினான். முதல் சேவல் கோழி வளர்ப்போர் சங்கத்துக்குத்தானே, அப்பவே அவங்க இனவிருத்திப் பண்ணைக்குக் கொண்டு போயிட்டாங்க. இன்னும் அங்கதான் இருக்கான், நாப்பது பொண்டாட்டியோட. என்னை எங்க நினைக்கப் போறான்?”

பக்கத்துக் கூடைக்காரர்கள் சிரித்தார்கள். ரெமெய் சிரிக்கவில்லை.

காலையில் புறப்படும்போதே அவள் ஒரு முடிவோடுதான் வந்திருந்தாள். அவளுடைய கோழிகள் கூண்டை அறியாதவை. ஆர்ட்டிசோக் வயலில் நாளெல்லாம் மேயும். வயலைத் தாண்டினால் பார்சிலோனா விமான நிலையத்தின் ஓடுபாதை. முன்பிருந்த சேவல்கள் ஒவ்வொரு விமானத்துக்கும் அலறின. கோழிகளும் ஓடி ஓடி அலுத்துப்போய், நிஜமாகவே பருந்து இறங்கியபோது தலையைக்கூடத் தூக்கவில்லை. வாரத்துக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது.

கூடைக்குள் இருக்கும் இவன் வளர்ந்த பிறகுதான் அது நின்றது. தலைக்கு மேல் விமானம் போனால் ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். பருந்தின் நிழல் விழுந்தாலோ ஒரே ஒரு கத்தல்தான். மொத்தக் கூட்டமும் செடிக்கடியில் பதுங்கிவிடும். இவன் இல்லாமல் வீடு திரும்பினால் கோழிகளைக் கூண்டில் அடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பாவத்தை அவள் செய்யத் தயாராக இல்லை.

ஆனால் சங்கத்தில் முட்டை வாங்கி அடைவைத்தவர்கள், அதில் பொரிந்து வளர்ந்த சேவலை ஒருமுறையாவது சந்தையில் காட்டியே தீர வேண்டும். அதனால்தான் வந்திருந்தாள்.

“தள்ளிட்டா எனக்கே குடுத்துடு,” என்றான் ஃபெரான். “பைன் கொட்டையும் உலர்ந்த பிளம்ஸும் போட்டு அடுப்புல வச்சிடறேன். உனக்கும் ஒரு கால் தர்றேன்.”

“இன்னிக்குப் பொழுது சாய்ஞ்சா இவன் என் வீட்டு அத்திமரத்துலதான் அடைவான். எழுதி வச்சுக்கோ.”

நடுவர் பாலகேர் வந்து நின்றார். சிடுமூஞ்சி மனிதர். “அடுத்தது யாரு? நீங்களாம்மா?”

“ஐயா, ஒரு நிமிஷம்,” என்று ஃபெரான் குறுக்கே வந்தான். “சொல்லக் கூடாதுன்னுதான் பார்த்தேன், மனசு கேக்கல. இவ வண்டிக்குப் பின்னால உட்கார்ந்து, சேவலோட காதுமடல்ல எதையோ தடவிட்டிருந்தா. என் கண்ணால பார்த்தேன்.”

பக்கத்துக் கூடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நீலக்கால் சேவலுக்குக் காதுமடல் பால்வெள்ளையாக இருக்க வேண்டும். சிவப்பு ஓடியிருந்தால் அவ்வளவுதான், தள்ளிவிடுவார்கள். அதற்கு மாவும் பவுடரும் பூசி மறைக்கிற கில்லாடிகள் வருஷத்துக்கு ஒருவராவது அகப்படுவார்கள்.

ரெமெயின் முகம் வெளிறிப்போனது.

“விதி தெரியுமில்ல?” என்றார் நடுவர். “சாயம் பூசின சேவலுக்குப் போட்டியில இடமில்ல. பூசினவங்க மூணு வருஷத்துக்குச் சேவலோட இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது.”

“இவன் வயித்தெரிச்சல்ல பேசறான் ஐயா. துடைக்க வேண்டாம். நீங்க பாருங்க, பிடிக்கலேன்னா தள்ளிடுங்க. ஒரு வார்த்தை பேசாம போயிடறேன்.”

“பூசலேன்னா துடைக்கிறதுல என்ன பயம்?”

அவள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நடுவர் விடவில்லை. ஈரக் கைக்குட்டையோடு கையைத் துணிக்குள் விட்டு, சேவலின் தலையைப் பிடித்து இரண்டு மடல்களையும் அழுத்தித் துடைத்தார். சேவல் ஊரைக் கூட்டியது. பிறகு கையை வெளியே எடுத்து, கைக்குட்டையை வெளிச்சத்தில் விரித்தார்.

கைக்குட்டை செக்கச்செவேல் என்று இருந்தது.

“ஐயோ, ரத்தமா?” என்றான் ஃபெரான்.

நடுவர் முகர்ந்து பார்த்தார். “உதட்டுச் சாயம்.”

சேவலை அவர் வெளியே தூக்கினார். துடைத்த மடல்கள் தோலுரித்த பாதாம்பருப்புப்போல வெளுத்திருந்தன. இறகு, வால், கொண்டை, நீலக்கால் எதிலும் ஒரு குறை இல்லை. அவர் தன் கண்களையே நம்ப முடியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சிவப்பை மறைக்க வெள்ளை பூசுவாங்க. வெள்ளையை மறைக்கச் சிவப்பு பூசின ஆளை இப்பத்தான் பார்க்கறேன். இந்தச் சந்தைக்கே இதுதான் முதல் சேவல். யாரங்கே, பண்ணை வண்டியை...”

“கொஞ்சம் இருங்க ஐயா,” என்றாள் ரெமெய். அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. “சாயம் பூசினா இடமில்லேன்னீங்களே. இந்தச் சாயம்தான், அந்தச் சாயம்தான்னு விதியில ஏதாவது இருக்கா?”

நடுவர் சிவந்த கைக்குட்டையை மடித்தார். “அப்படி... இல்ல.”

“அப்ப நாங்க மூணு வருஷம் கழிச்சு வர்றோம்,” என்று சேவலை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, சாயக் குழலில் மிச்சமிருந்த சிவப்பைத் தன் உதட்டில் தடவியபடியே ரெமெய் வெளியே நடந்தாள்.