ரோஸ்மேரி எங்கே?

குவளையை முகர்ந்த ஓர்னெல்லா உதட்டைப் பிதுக்கினாள். “ஜின்ல ரோஸ்மேரி வாசனையே இல்லையே, ரெனாத்தோ!”

“இப்பதானே கலந்தேன்?” அவள் கணவன் தொட்டியில் இன்னும் கொஞ்சம் ரோஸ்மேரி இலைச் சாற்றை ஊற்றிக் கலக்கினான்.

மறுபடி முகர்ந்தாள். “எலுமிச்சைத் தோல் வருது, ஜூனிபர் பழம் வருது. அது மட்டும் வரலை.”

“விளையாடுறியா? எனக்குத் தும்மலே வருது!” குழப்பத்தோடு மேலும் ஊற்றினான்.

மூன்றாவது குவளையிலும் இல்லை. ஓர்னெல்லாவின் முகம் வெளுத்தது. அவள் சரி சொல்லாமல் இத்தாலியின் அந்த லிகூரியா மலையிலிருந்து ஒரு ஜின் புட்டிகூட இறங்காது.

“என் மூக்கு போயிடுச்சு.”

“பைத்தியமே, எலுமிச்சை மட்டும் எப்படித் தெரியுது?” ஆறுதலாக அவள் கையை எடுத்து முத்தமிடக் குனிந்தவன் பலமாகத் தும்மினான்.

“காலையிலேர்ந்து என்ன பண்ணினே?” அவள் கையை மறுபடி முகர்ந்தபடி கேட்டான்.

“பூச்சிமருந்து அடிச்சான்னு சந்தேகப்பட்டு, இலை பறிக்கிற ஆளை நீதானே விரட்டினே? ரோஸ்மேரி முழுசையும் நான்தான் உருவினேன்.”

“அதான்! அந்த வாசனையிலேயே ஊறின மூக்குக்கு அது மட்டும் தெரியலை.”

ஓர்னெல்லாவுக்கு உயிர் வந்தது. தொட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“முதல்ல அந்த ஆள்கிட்டப் போய் மன்னிப்புக் கேளு. வரும்போது ஆட்டுக்கறி வாங்கிட்டு வா. ஊறவைக்க ஒரு தொட்டி நிறைய ரோஸ்மேரி மசாலா இருக்கு.”