செந்தழல் சேர்த்த அணி

திரை அணைந்த பிறகும் அந்த வீடியோ கேமுக்குள் இருந்த புல்வெளியில் ஒரு நீல வெளிச்சம் மிதந்துகொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் செந்தழல் என்ற நெருப்புச் சிங்கம் கோப்பைச் சண்டைக்கு அணி சேர்த்தது. அணிக்கு மூன்று பேர். இடம் கிடைக்காதவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் இருட்டுப் பெட்டிதான்.

முதலில் கங்குப் பறவை வந்தது. அது மூச்சு விட்டதும் புல்லெல்லாம் பொன்னாய் மினுங்கிக் கருகியது.

"அடடா, அப்படியே என்னை மாதிரி இருக்கியே!" என்று சிங்கம் அதைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டது.

அடுத்து ஓர் ஆமை, கனவில் நடப்பதுபோல் மெல்ல வந்தது. "அண்ணே, என் முதுகு பூரா பாசி. எவ்வளவு தண்ணி கொட்டினாலும் குடிச்சிடும். எதிரணியில மழைத்தவளை இருக்காம்."

"நல்ல காரியம் பேசுறப்போ தண்ணியை ஏன் இழுக்கிறே?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது சிங்கம். மிச்சமிருந்த இடத்தைக் கொள்ளிக் காளைக்குக் கொடுத்தது. அதன் கொம்பிலும் நெருப்பு.

சண்டையில் மழைத்தவளை ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தது. மூன்றும் புஸ்ஸென்று அணைந்துபோயின.

பெட்டிக்குள், ஆமைக்குப் பக்கத்தில், மூன்றும் நனைந்து கிடந்தன. ஈரப்புகை வளைந்து வளைந்து மேலே போனது. அதையே பார்த்தபடி சிங்கம் வெகுநேரம் யோசித்தது.

"தப்பு எங்கேன்னு புரிஞ்சுபோச்சு," என்றது கடைசியில்.

ஆமை ஆசையாகக் கழுத்தை நீட்டியது.

"நம்மகிட்ட சூடு பத்தலை."