கல்யாண வீடியோவில் நித்திலா

டிவியில் வீடியோ ஓட்டும் கம்பெனிக்காரன் பெட்டியைப் பரணில் எறிந்துவிட்டுப் பழைய கம்ப்யூட்டரில் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத லினக்ஸ் போட்டேன். என் வீட்டு வீடியோவைப் பார்க்க நான் எவனிடமும் அனுமதி கேட்கமாட்டேன்.

சத்தம் வந்தால் படம் வராது. படம் வந்தால் ரிமோட் செத்துவிடும். மாதக்கணக்கில் மல்லுக்கட்டிச் சரிசெய்து, முதலில் எங்கள் கல்யாண வீடியோவை ஓடவிட்டேன். நான் தாலி கட்டுகிறேன். பின்னால் விளக்குப் பிடித்திருக்கும் என் அக்கா பளிச்சென்று தெரிகிறாள். நித்திலாவின் மாலையும் கூறைப்புடவையும்கூடத் தெரிகின்றன. முகம் மட்டும் சாம்பல் நிறத்தில் மழுங்கிக் கிடக்கிறது.

"மறுபடியும் வீடியோ டிரைவர் சொதப்புது!" என்று கத்தினேன்.

நித்திலா சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இணையத்தில் லினக்ஸ் குழுவில் கேட்டேன். என்றைக்குமே நேராகப் பதில் சொல்லாத கூட்டம், இன்று உடனே சொன்னது: "கம்ப்யூட்டர்ல கோளாறு இல்ல சார், பூட்டு வீடியோவுக்குள்ளயே இருக்கு. இப்போ சட்டப்படி அவங்கவங்க முகம் அவங்கவங்களுக்குத்தான் சொந்தம். அந்த முகத்துக்குச் சொந்தக்காரங்க உங்களுக்குக் குடுத்த அனுமதியை வாபஸ் வாங்கியிருக்காங்க. உங்க வீட்டுல எந்தத் திரையிலயும் இனி தெரியாது."

எவனும் கைவைக்க முடியாதபடி நான் கட்டிய பெட்டியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளே கைவைத்திருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படிடி செஞ்சே? எப்போ செஞ்சே?"

"ஆடி மாசம். ஆறு மாசமாச்சு," என்றாள். மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, என் தலைக்கு மேலே சுவரில் எங்கள் போட்டோக்கள் மாறி மாறி ஓடும் திரையைக் காட்டினாள். அதில் எல்லாப் படத்திலும் அவள் முகம் சாம்பலாக இருந்தது.

"தினமும் அதுக்குக் கீழ உக்காந்துதாங்க லினக்ஸ் போட்டுக்கிட்டிருந்தீங்க."