எமிலியானுசின் கயிற்று நடை

எமிலியானுஸ் எழுவைதீவு இறங்குதுறைக்குத் தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்தபோது காலை ஏழு மணி. இரண்டு ஆடுகளுக்கு நடுவால் போகப் பார்த்து ஆட்டின்மேலேயே விழுந்தார். அங்கே நின்றது ஒரே ஒரு ஆடு.

பாவம் மனுசன். குடிக்கமாட்டேன் என்று அந்தோனியார் கோயிலில் சத்தியம் பண்ணி எட்டு மாதம், ஒரு சொட்டுத் தொடவில்லை. காலில் திருக்கை முள் ஏறிப் புண் பழுத்ததற்குக் கொடுத்த அன்ரிபயோட்டிக் குளிசைதான் இரண்டு நாளாகத் தலையைச் சுழற்றி, எல்லாவற்றையும் இரட்டையாகக் காட்டியது.

யார் நம்புவது? படகோட்டியே அவர்தான். ஊர்காவற்றுறைக்குப் போக நின்ற பதினைந்து பேரும் முறைத்தார்கள். மாதர் சங்கத் தலைவி மேரிஜோசப்பின் ஊதச் சொன்னார். ஊதினார், மணமில்லை. மணக்காத சாமான் ஏதோ புதிதாய் வந்திருக்கிறது என்று தீர்ப்பாயிற்று.

அடுத்தது கயிறு. நிலத்தில் நீட்டிப் போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னார்கள். எமிலியானுசுக்கு இரண்டு கயிறு தெரிந்தது. இல்லாத கயிற்றில் வெகு கவனமாக நடந்து போய் வலைக்குவியலுக்குள் விழுந்தார்.

"குளிசைதான் அக்கா. எல்லாம் ரெண்டு ரெண்டாய்த் தெரியுது. இண்டைக்கு என்னாலை படகு ஓட்ட ஏலாது, டொக்டரிட்டைக் கொண்டுபோய் விடுங்கோ."

"அந்தோனியாருக்குச் சொன்ன வாக்கையே குடிச்சிட்டீர்" என்றார் மேரிஜோசப்பின்.

எமிலியானுசுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதம் சேர்த்த மானம் எட்டு அடியில் போய்விட்டதே!

படகில் அவருடைய மைத்துனன் இன்னாசித்தம்பி ஏற்கெனவே ஏறி நின்றான். கம்பத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, வாய் மணக்கக் கராம்பு மென்றபடி, ஆடாமல் அசையாமல் நின்றான். மனுசன் என்றால் இப்படியல்லவோ இருக்கவேண்டும் என்று மெச்சி எல்லோருமாகச் சுக்கானை அவனிடம் கொடுத்தார்கள். எமிலியானுசை அவன் காலடியில் மூட்டையோடு மூட்டையாக இருத்தினார்கள்.

படகு பாதிக் கடலைத் தாண்டியது. கரை தெரியத் தொடங்கியதும் வேகம் குறைந்தது. மேரிஜோசப்பின் நிம்மதியாகச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

இன்னாசித்தம்பி மெல்லக் குனிந்து காதுக்குள் சொன்னான்:

"அத்தான், உங்களுக்கு ரெண்டு துறைதானே தெரியுது? நீங்களே பிடியுங்கோ, எனக்கு மூண்டு."