மாலை போட ஒரு படம்

இப்போது எந்தக் கேமராவும் யாரையும் கறுப்பாக எடுப்பதில்லை.

இறந்துபோன மனைவி மாரிச்செல்வியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு, மாலை போட ஒரு படம் வேண்டுமென்று இசக்கி மகளோடு ஸ்டூடியோவுக்கு வந்திருந்தான். போனில் நாலாயிரம் படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ரோஜா நிறத்தில் யாரோ ஒருத்தி சிரித்தாள்.

"கறுப்பாக்கித் தாரேன் அண்ணாச்சி. எவ்ளோ கறுப்புன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் ஸ்டூடியோக்காரி ரெஜினா.

"வெயில்ல நின்னா மினுங்குவா..." என்றான் இசக்கி.

மடியிலிருந்த மகள் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்து ஒரு படத்தில் நின்றாள். கோயில் கொடை விழாவில் கைகளை விரித்து ஆடும் ரோஜா நிறக்காரியை அவள் பார்க்கவேயில்லை. பின்சுவரில் ஆடிய நிழலைத் தொட்டு, "அம்மா" என்றாள்.